ரபோல் போய் வந்த சின்னத் தாத்தா

எங்கள் சின்னத் தாத்தா பட்டாளத்தில் இருந்தார், சப்பான்காரனிடம் பிடிபட்டார், திரும்பி வந்தார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். எங்கே பிடிபட்டார், மூன்றரை வருஷம் எங்கே வைத்திருந்தார்கள், எப்படி உயிரோடு வந்து சேர்ந்தார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. "சிங்கப்பூர் ஜெயில்ல கெடந்தாரு" என்பார் பெரியப்பா. "பர்மாவுல ரயில் ரோடு போட்டாங்களாம்" என்பார் அத்தை. தாத்தா பேசுகிற மனிதர் இல்லை. நான் பள்ளியில் படிக்கும்போதே காலமாகிவிட்டார்.

ஆனால் ஒரு ஊர்ப்பெயரை மட்டும் அவர் விடாமல் சொல்லுவார்: ரபோல். "ரபோல்ல மலை எப்பவும் பொகைஞ்சிக்கினே இருக்கும்" என்பார். மலை எப்படிப் புகையும் என்று நாங்கள் சிரிப்போம். மலேயாவில் அப்படி ஒரு ஊர் இருக்கும் போல என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். வேலூர், திருவண்ணாமலை பக்கம் 'பட்டாளத்து வீடு' என்று ஒரு வீடாவது இல்லாத ஊர் குறைவு. அந்த வீடுகளில் ஒரு டிரங்குப் பெட்டியும், அதற்குள் ஒன்றிரண்டு மெடலும் இன்னும் இருக்கும். இந்தப் பதிவு அவர்களுக்காக. என் தேடலைச் சொல்லும்போது, உங்கள் வீட்டு ஆளை எப்படித் தேடலாம் என்பதும் கூடவே வந்துவிடும்.

முதலில் மெடலைத் திருப்பிப் பாருங்கள். பிரிட்டன் வீரர்களுக்குக் கொடுத்த இரண்டாம் உலகப் போர் மெடல்களில் பெயர் இருக்காது. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் இருக்கும்: எண், ரேங்க், பெயர், எந்தப் படைப்பிரிவு என்ற சுருக்கம். நட்சத்திர வடிவ மெடலானால் வழவழப்பான பின்பக்கத்தில், வட்ட மெடலானால் விளிம்பில், பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு நட்சத்திரங்கள் இருந்தன. அத்தை ஒவ்வொரு பொங்கலுக்கும் குத்துவிளக்கோடு சேர்த்து அவற்றையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. அறையை இருட்டாக்கி, டார்ச்சை மெடலுக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்து ஒளியைச் சாய்வாக விட்டு, செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு எண்ணாக எழுந்து வந்தது. தயவுசெய்து மெடலுக்குப் புளி போடாதீர்கள். அந்த எண் இல்லாமல் எந்த அலுவலகத்திலும் உங்கள் தாத்தாவைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அவர் பெயரில் நூறு பேர் இருப்பார்கள், அவர் எண்ணில் அவர் ஒருவர்தான்.

மெடலின் வகையும் பேசும். எங்கள் வீட்டு நட்சத்திரங்களில் ஒன்றின் நடுவே '1939–1945 ஸ்டார்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. இன்னொன்றில் 'பசிபிக் ஸ்டார்'. பர்மாவில் சண்டை போட்டவருக்குப் பர்மா ஸ்டார் கொடுத்தார்கள். இந்தியத் தரைப்படைக்காரர் ஒருவரிடம் பசிபிக் ஸ்டார் இருந்தால், 1941 டிசம்பர் 8-க்குப் பிறகு மலேயா, சிங்கப்பூர், ஹாங்காங் மாதிரி ஒரு களத்தில் இருந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். 

போட்டோ இருந்தால் தொப்பியைப் பாருங்கள். பெங்களூர் ஸ்டூடியோவில் எடுத்த தாத்தாவின் படத்தில், விளிம்பே இல்லாத, குழாய் மாதிரி நிமிர்ந்த ஒரு கறுப்புத் தொப்பி. அதற்கு டூப்டா என்று பெயர். மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையின் அடையாளம் அது. பாலம் கட்டுவது, பாலத்தைத் தகர்ப்பது, கண்ணிவெடி புதைப்பது, அகற்றுவது எல்லாம் இவர்கள் வேலை. பட்டாளம் முழுக்க இவர்களுக்குத் 'தம்பி' என்றுதான் செல்லப்பெயர். மலேயாவில் சண்டை என்பது பெரும்பாலும் பின்வாங்கல்தான். பின்வாங்கும் படையில் சாப்பர்தான் கடைசி ஆள்: எல்லாரும் ஆற்றைக் கடந்த பிறகு பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு வரவேண்டியவன். 1939 முதல் 1947 வரை இந்தியப் பொறியாளர் படையின் கதையை ஈ.டபிள்யூ.சி. சாண்டீஸ் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். மலேயா அத்தியாயத்தைப் படித்த பிறகு தாத்தாவின் விரல்கள் எனக்கு ஞாபகம் வந்தன. இடது கையில் இரண்டு விரல் பாதிதான் இருக்கும். நாற்று மிஷினில் போனது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் காலத்தில் எங்கள் ஊரில் ஏது நாற்று மிஷின்!

எண்ணும் பிரிவும் தெரிந்தால், அடுத்து அந்தப் படையின் ஆவண அலுவலகம். இது முக்கியம்: சாதாரண இந்தியச் சிப்பாய்களின் பணி ஆவணங்கள் லண்டனில் இல்லை. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் இருப்பது பெரும்பாலும் அதிகாரிகளின் கோப்புகள். சிப்பாய்களுடையவை இந்திய ராணுவத்திடமே தங்கிவிட்டன. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பீரங்கிப்படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், லாரி ஓட்டிய சர்வீஸ் கோர் ஆட்களுக்குப் பெங்களூரு. எண், பெயர், தகப்பனார் பெயர், பழைய மாவட்டப் பெயர் (வடஆற்காடு, செங்கற்பட்டு, கோயமுத்தூர் என்று அந்தக் காலத்தில் இருந்தபடியே), உங்களுக்கு என்ன உறவு என்பதற்கான சான்று, மெடலின் படம் எல்லாம் வைத்து ஒரு கடிதம் போடுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் கடிதம் எழுத உதவுவார்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மூன்றாம் நபர் விவரம் என்று மறுத்தால், 20 ஆண்டுக்கு மேற்பட்ட நிகழ்வு பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அதே சட்டத்தின் 8(3) பிரிவு சொல்வதைக் குறிப்பிடுங்கள்.

முழுக் கோப்பு வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் ஆவணங்களை 25 ஆண்டு வைத்திருந்து அழித்துவிடுவது ராணுவ விதி. போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் முக்கால்வாசிப் பேர் இந்தக் கணக்கில் வருவார்கள். ஆனால் 'லாங் ரோல்' என்று ஒரு பெரிய பேரேடு இருக்கிறது, அது நிரந்தரம். ஆளுக்கு ஒரு வரி. எனக்கு வந்ததும் அந்த ஒரு வரிதான். 1940-இல் சேர்ந்தார், 15-2-1942 போர்க்கைதி, 1945 செப்டம்பரில் மீட்கப்பட்டார், 1946-இல் விடுவிப்பு. அலுவலகத்தில் ஒருவர் மெனக்கெட்டு அந்தப் பேரேட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

15-2-1942. சிங்கப்பூர் விழுந்த நாள். அப்படியானால் பெரியப்பா சொன்னது சரியா? பாதி சரி.

பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17 அன்று, இந்தியப் படையினரை மட்டும் தனியே பிரித்து ஃபேரர் பார்க் மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். 40,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கூடினார்கள். பிரிட்டிஷ் தரப்பில் கர்னல் ஹன்ட் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா பேசினார். அப்புறம் இந்தியப் படையின் கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) தொடக்கம் அது. பலர் சேர்ந்தார்கள், பலர் சேரவில்லை. சேராதவர்கள் நீசூன், பிடாதாரி, செலேத்தார் முகாம்களில் அடைபட்டார்கள். 1943-இலிருந்து அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலில் ஏற்றி நியூகினி, நியூ பிரிட்டன், பலாவ், போர்னியோ என்று கண்காணாத தீவுகளுக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார்கள்.

நியூ பிரிட்டன் தீவின் வடகிழக்கு முனையில் இருக்கிறது ரபோல். வரைபடத்தில் அந்தத் துறைமுகத்தைப் பாருங்கள், அதைச் சுற்றி எரிமலைகள். தாவுர்வுர் எரிமலை 1941-இல்தான் வெடித்திருந்தது. தாத்தா அங்கே போய்ச் சேர்ந்தபோது மலை நிஜமாகவே புகைந்துகொண்டிருந்திருக்கும்.

கைதிகள் பட்டியலில் அவரை ஏன் காணோம் என்பதும் இங்கேதான் விளங்குகிறது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஜப்பானியர் கைதிக்கு ஒன்றாக எழுதி வைத்த அட்டைகள் சுமார் 57,000 இருக்கின்றன. ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர் குடும்பங்கள் முதலில் போவது அந்த அட்டைக்குத்தான். இந்தியச் சிப்பாயை அங்கே தேடினால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்துப் போட்டதோடு சரி, அங்கீகரிக்கவில்லை. போதாதற்கு, இந்தியக் கைதிகள் கைதிகளே அல்ல, தாங்களாக முன்வந்து எங்கள் படையில் தொழிலாளராகச் சேர்ந்தவர்கள் என்று ஒரு வாதம் வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவம் நடத்திய முதல் போர்க்குற்ற வழக்கே இதைச் சுற்றித்தான். 1946 ஜனவரி 21 அன்று தொடங்கிய கோசாவா வழக்கு அது. 1943-இல் தேம்ஸ் மாரு கப்பலில் பலாவுக்குக் கொண்டுபோன இந்தியக் கைதிகளை அடித்தும் பட்டினி போட்டும் கொன்ற வழக்கு. எதிர்த்தரப்பு இதே வாதத்தை வைத்தது, நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த வழக்கின் விவரங்களைச் சிங்கப்பூர் போர்க்குற்ற வழக்குகளுக்கான இணையதளத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். படிக்க மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஆக, இவர்களைத் தேட வேண்டிய இடம் இவர்கள் சேவை செய்த நாட்டின் ஆவணம் இல்லை. இவர்களை மீட்டவர்களின் ஆவணம்.

ரபோலை மீட்டவர்கள் ஆஸ்திரேலியர்கள். 1945 செப்டம்பர் 6 அன்று குளோரி என்ற கப்பலில் ஜப்பானியப் படை சரணடைந்தது. சில நாளில் ஆஸ்திரேலியர்கள் கரையிறங்கி, ஆயிரக்கணக்கான இந்தியக் கைதிகளைக் கண்டார்கள். ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் இணையதளத்தில் அப்போது எடுத்த படங்கள் இருக்கின்றன. விலா எலும்பு எண்ணக்கூடிய உடம்பு, கந்தல் அரைக்கால் சட்டை. ஆஸ்திரேலியா நடத்திய 300 போர்க்குற்ற வழக்குகளின் கோப்புகள் கான்பெராவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ471 என்ற தொகுப்பில் உள்ளன. இலவசமாகப் பார்க்கலாம். அவற்றில் பெரும்பகுதி வழக்குகள் ரபோலிலேயே நடந்தவை. சாட்சி சொன்ன இந்தியரின் வாக்குமூலம், அவர் எண், ரேங்க், படைப்பிரிவு, பெயர் என்று ஆரம்பிக்கும். அந்த ஆரம்ப வரியைத்தான் தேடவேண்டும்.

என் தாத்தாவின் பெயர் எதிலும் இல்லை. ஆனாலும் அவர் வாழ்ந்த வாழ்க்கை அந்தக் காகிதங்களில் இருக்கிறது. நேசநாட்டு விமானங்கள் நாள் தவறாமல் குண்டு போட்டன. 1944-இலிருந்து கப்பல் வரத்து நின்றுபோனது. ஒரு லட்சம் அளவுக்கு இருந்த ஜப்பானியப் படை மலையைக் குடைந்து சுரங்கத்துக்குள் போனது, காட்டை வெட்டித் தோட்டம் போட்டது. குடைந்த கைகளிலும் வெட்டிய கைகளிலும் இந்தியக் கைகள் உண்டு. தாங்களே விளைவித்த கிழங்கைப் பசிக்கு எடுத்ததற்கு அடி. காய்ச்சலில் விழுந்தவனுக்கு மருந்து கிடையாது. தாத்தா கடைசிவரை சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தொடமாட்டார். பொங்கலுக்குப் படைத்த கிழங்கை இலையிலிருந்து எடுத்து ஓரமாக வைப்பார். வாயுவுக்காக என்று நினைத்திருந்தோம்.

பக்கத்து நியூகினியில் நிலைமை இன்னும் கொடுமை. வேவாக் பகுதிக்குப் போன சுமார் 3,000 பேரில் மீண்டவர்கள் ஏறக்குறைய 200 பேர்தான். அவர்களில் ஒருவரான ஜமேதார் சிந்த் சிங், கூட இருந்தவர்கள் ஊருக்குக் கிளம்பியபோது தான் மட்டும் சாட்சி சொல்வதற்காகத் தங்கினார். கிளம்பியவர்கள் போன விமானம் விழுந்து அவர்கள் அத்தனை பேரும் இறந்துபோனார்கள். அவர் எழுதி வைத்ததும், ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் பீட்டர் ஸ்டான்லி எழுதிய ஆய்வும் இல்லாவிட்டால் அந்த 3,000 பேரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

எனக்குள்ள ஆதங்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா சிங்கப்பூரில் பிடிபட்டார் என்றதும் எல்லாரும் கேட்பது, "ஐ.என்.ஏ.வா?" என்றுதான். இல்லை என்றதும் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளையும், ஜான்சி ராணிப் படைப் பெண்களையும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கும். அவர்களைக் கொண்டாட நமக்கு ஒரு கதை இருக்கிறது. சிங்கப்பூர் சாங்கி முகாமின் கைதிகளைக் கொண்டாட ஆங்கிலேயருக்கும் ஆஸ்திரேலியருக்கும் ஒரு கதை இருக்கிறது. இரண்டிலும் சேராமல், போட்ட சத்தியத்துக்காகவோ, பயத்தாலோ, கூட இருந்தவன் போகாததாலோ, ஏதோ ஒரு காரணத்தால் மறுத்துவிட்டு, அதற்காகத் தீவுகளில் கிடந்து செத்தவர்களைச் சொந்தம் கொண்டாட யாருமில்லை. தாத்தா ஏன் மறுத்தார் என்பது எந்தக் காகிதத்திலும் கிடைக்காது. அதற்காக அவர் பட்டது குறைந்துவிடாது.

உங்கள் வீட்டு ஆள் திரும்பி வராதவர் என்றால், தேடல் இன்னும் சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. பெயரை வைத்துத் தேடினால் திண்டாடுவீர்கள். கோவிந்தசாமி என்ற ஒரே பெயரைக் குமாஸ்தாக்கள் ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் ஊரையோ பழைய மாவட்டத்தையோ போட்டுப் பாருங்கள். பல இந்திய வீரர்களின் பக்கத்தில் தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் இருக்கும்.

நான் வடஆற்காடு என்று போட்டுத் தேடியபோது எங்களுக்கு அடுத்த ஊர்க்காரர் ஒருவர் வந்தார். சாப்பர், 1944-இல் மரணம். அச்செடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய் விசாரித்தேன். வீட்டைக் காட்டினார்கள். அவருடைய தங்கை மகள் இருந்தார், எண்பதைத் தாண்டியவர். மாமா மலேயாவிலேயே வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார் என்றுதான் ஊரில் பேச்சாம். அவர் மனைவி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்து போய்ச் சேர்ந்தாராம். தாளில் இருந்ததை வாசித்தேன்: இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர்.

"எங்க அத்தை பேரு போட்டுக்குதா? இன்னொரு வாட்டி படிமா."

படித்தேன். அவர் வீட்டு ஆண்களைக் கூப்பிட்டார். அவர்களுக்கும் படிக்கச் சொன்னார். அக்கம்பக்கத்துக்காரர்களை வரச் சொல்லி அவர்களுக்கும் படிக்கச் சொன்னார். "கேட்டுக்கோங்க, எங்க மாமா எங்கயும் ஓடிப்பூடலை" என்றார். அவருடைய பேரன் ஒருவன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எம்.ஆர்.டி. பிடித்துக் கிராஞ்சி போர்க் கல்லறைக்குப் போய், 24,000-க்கும் மேல் பெயர்கள் உள்ள நினைவுச் சின்னத்தில், இணையப் பக்கத்தில் இருந்த தூண் எண்ணை வைத்து அவர் பெயரைக் கண்டுபிடித்துவிட்டான். உடல் கிடைத்து எரியூட்டப்பட்டவர்களுக்கு அங்கேயே பின்பக்கம் தனி நினைவுச் சின்னம் இருக்கிறது. கிட்டத்தட்ட 800 பெயர்கள், பெரும்பாலும் இந்தியர்கள். போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். நியூகினியில் இறந்தவர்களுக்கு லேயிலும், நியூ பிரிட்டனில் இறந்தவர்களுக்கு ரபோலுக்குப் பக்கத்தில் பீட்டாபாக்காவிலும் போர்க் கல்லறைகள் உண்டு.

எனக்கு இன்னும் இரண்டு விஷயம் பாக்கி. எந்தக் கப்பலில் தாத்தா ரபோலுக்குப் போனார் என்பது ஒன்று. 1943 ஜனவரியில் புயோ மாரு என்ற கப்பலை, உள்ளே இருப்பது யாரென்று தெரியாமலே அமெரிக்க நீர்மூழ்கி வாஹூ மூழ்கடித்ததில், 195 இந்தியக் கைதிகள் இறந்துபோனார்கள். அந்த மாதிரிக் கப்பல் ஒன்றில்தான் அவரும் போயிருக்க வேண்டும். இன்னொன்று, ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆவணக் காப்பகம். இரண்டாம் உலகப் போர்க் கைதிகள் பற்றிய விண்ணப்பங்களை வருஷத்தில் சில தடவை மட்டும், குறிப்பிட்ட எண்ணிக்கை வரைதான் வாங்குகிறார்கள். அடுத்த முறை திறந்ததும் போட எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ரபோல், வேவாக், பலாவ் என்று ஏதாவது ஊர்ப்பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். மெடலின் பின்பக்கப் படமும், டிஸ்சார்ஜ் புக்கு இருந்தால் அதன் முதல் பக்கமும் அனுப்பினால் போதும். எந்த அலுவலகத்துக்கு எப்படி எழுதுவது என்று சேர்ந்தே பார்க்கலாம்.